ஆண்டு விழா, பரிசு, பாராட்டு: அரசுப் பள்ளி வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தால் எங்கள் ஊரில் ஆண்டு விழாப் பேச்சு ஆரம்பமாகிவிடும். டீக்கடையில், ரேஷன் வரிசையில், வாட்ஸாப் குழுவில் என்று அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். 2022-இல் பெற்றோர் என்ற முறையில் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குள் போனேன். மகள் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டாள். 2024-இல் குழுவை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவன் என்ற கணக்கில் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். இதில் சிலது அரசு விதி, சிலது என் சொந்தக் கருத்து. படிக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

“பாடம் நடத்துறதுக்கே நாள் பத்தலை. ஆண்டு விழா எல்லாம் தேவையா சார்?”

தேவை. நான் அதே பள்ளியில் ஏழு வருஷம் படித்தேன். என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் சைக்கிளை வழியில் நிறுத்தியதற்காக. இன்றைக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மேடை ஏறிச் சான்றிதழ் வாங்கிவிட்டு, இறங்கத் தெரியாமல் மறுபக்கப் படிக்கட்டைத் தேடும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும். சில ஆண்டுகளாக எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்தச் சொல்லி அரசே தொகையும் ஒதுக்குகிறது. ஆகவே இது யாரோ ஆசைப்பட்டுச் செய்யும் ஆடம்பரம் இல்லை.

ஆனால் வருஷம் பூராவும் சேர்த்து வைத்து ஒரே நாளில் பாராட்டித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஜூலையில் ஓட்டப்பந்தயம் ஜெயித்த பையனுக்கு மார்ச்சில் கைதட்டினால் அவனுக்கே பாதி மறந்திருக்கும். பாராட்டைச் சூடாகப் பரிமாற வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளும் செய்தி வாசிப்பும் முடிந்ததும் ஒரு நிமிஷம் போதும். ஜூலை 15, காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாளாகவும் கொண்டாடப்படுகிறது. முந்தின ஆண்டு தேர்வில் நன்றாகச் செய்தவர்களை அன்றைக்கே கூப்பிட்டு முடித்துவிடலாம். ஆண்டு விழா மேடையில் நெரிசல் குறையும்.

“செலவுக்குப் பணம் எங்கிருந்து வருது? பிள்ளைங்ககிட்ட வசூல் பண்ணலாமா?”

அரசு தரும் தொகை மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பெரிய பள்ளி என்றால் கொஞ்சம் தாராளமாக இருக்கும். சின்னப் பள்ளிக்குப் பந்தல், மைக் செட், நாற்காலி வாடகையோடு அது தீர்ந்துவிடும். மீதியைப் பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர்கள், ஊர்க் கடைக்காரர்கள் என்று பார்த்துக்கொள்வது வழக்கம்.

பிள்ளைகளிடம் வசூல் கூடவே கூடாது. ‘நாங்கள் வசூலிக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டே வசூலிக்கும் வழி ஒன்று இருக்கிறது, அதுதான் நடன உடை. ஒரு வருஷம் ஒரு குழு நடனத்துக்கு வாடகை உடைக்கு ஆளுக்கு முந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறார்கள். பதினான்கு பேரில் மூன்று பேர் திடீரென்று ‘கால் வலி’ என்று விலகிக்கொண்டார்கள். எங்களுக்கு விஷயம் புரியவே ஒரு வாரம் ஆனது. இப்போது எங்கள் பள்ளியில் சட்டம் இதுதான்: வீட்டில் இருக்கும் துணியை வைத்து ஆட முடிந்தால் ஆடலாம், இல்லாவிட்டால் உடைச் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கும்.

“நான் இங்க படிச்சவன். பரிசுக்குக் கொஞ்சம் பணம் தரலாம்னு இருக்கேன். யார்கிட்ட தரணும்?”

தனி ஆள் கையில் தராதீர்கள், அது தலைமையாசிரியராகவே இருந்தாலும். பள்ளி மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். கட்டடம், ஆய்வகம் போன்ற பெரிய உதவி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளம் வழியாகவும் தரலாம்.

பலரும் ‘அம்மா பேரில் வருஷா வருஷம் பரிசு’ என்று அறக்கட்டளை வைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான், கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் எண்பதுகளில் ஒருவர் ஆயிரம் ரூபாய் வைப்புநிதி போட்டார். அன்றைக்கு அதன் வட்டியில் நல்ல பரிசு ஒன்று வாங்கலாம். இன்றைக்கு வரும் வட்டி அறுபது எழுபது ரூபாய், இரண்டு பேனா வாங்கினால் சரி. அவர் பேரன்களைத் தேடிப் பிடித்து வைப்புத்தொகையை ஏற்றச் சொன்னோம், ஏற்றினார்கள். புதிதாக வைப்பவர்களிடம் நான் சொல்வது: பத்து வருஷத்துக்கு ஒருமுறை வைப்புத்தொகையைக் கூட்டுவோம் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

“ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த பிள்ளை படத்தைப் போட்டு மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் வைக்கலாமா?”

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளுக்குள் தேவையில்லாத போட்டியும் மன உளைச்சலும் வேண்டாம் என்பது காரணம். அரசே நிறுத்திய ஒன்றை ஓர் அரசுப் பள்ளி இருபதடி உயரத்தில் தூக்கிக் கட்டுவது பொருத்தமாக இல்லை. சாலையோரப் பேனருக்கு அனுமதி வேண்டும் என்பது தனிக் கதை.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. நாங்கள் செய்வது, பள்ளி வாசல் கரும்பலகையில் தேர்ச்சி பெற்ற எல்லோர் பெயரையும் வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவது. ஓவிய ஆசிரியர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். மழை பெய்து அழியும் வரை ஊர் நின்று படிக்கும். பேனரில் ஒரு முகம் இருக்கும், இங்கே நூற்றுப் பதினெட்டுப் பெயர்.

“மார்க் தவிர வேற எதைத்தான் சாதனைன்னு சொல்றது?”

இந்தக் கேள்வியை நான் ரொம்ப எதிர்பார்ப்பேன், ஏனென்றால் பட்டியல் நீளம். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருஷத்தில் 48,000. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு: 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் மாதம் 1,500 ரூபாய் தருகிறார்கள், அதில் பாதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இதில் தேறிய பிள்ளையின் பெயர் பக்கத்து வகுப்புக்கே தெரியாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் மேடை.

அப்புறம் கலைத் திருவிழா. 2022–23 கல்வியாண்டிலிருந்து நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஏறி மாநில அளவில் அதிகம் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். வட்டார அளவோடு திரும்பி வந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். பறை அடிக்கவும் களிமண்ணில் உருவம் செய்யவும் தெரிந்த பையன் கணக்குப் பாடத்தில் முப்பத்தாறு வாங்கியிருக்கலாம். அவனுக்கு அந்த வருஷம் கிடைக்கும் ஒரே கைதட்டல் அதுவாக இருக்கும்.

பட்டியலில் வராத சாதனைகளும் உண்டு. அப்பா இறந்த வாரம் மட்டும் வராமல் மீதி நாளெல்லாம் வந்த பிள்ளை. ஒடிசாவிலிருந்து வந்த செங்கல் சூளைக் குடும்பத்துப் பெண், ஜூனில் ஒரு எழுத்து தெரியாமல் சேர்ந்து பிப்ரவரியில் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்தாள். வகுப்பாசிரியரிடம் போய் ‘இந்த வருஷம் உங்களை ஆச்சரியப்படுத்தினது யார்?’ என்று கேளுங்கள். அவரிடம் கண்டிப்பாக ஒரு பெயர் இருக்கும்.

“என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி., சாரணர் எல்லாம் ஒண்ணுதானே? எல்லாமே மரம் நடுறதுதானே?”

மரம் எல்லோரும் நடுகிறார்கள், உண்மைதான். போன வருஷம் நட்ட அதே குழியில் இந்த வருஷமும் நட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்றும் வேறு வேறு. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, கல்லூரிகளுக்காகத் தொடங்கி மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி வேலை செய்யும் சிறப்பு முகாம்தான் அதன் உயிர். இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி, சுகாதாரம், நட்பு பக்கம் சாய்ந்தது. சாரணர் இயக்கத்தில் படிப்படியாகத் தேர்வு உண்டு. ஆளுநர் கையெழுத்திட்ட ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் வரை ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை.

மேடையில் சொல்லும்போது ‘சிறந்த என்.எஸ்.எஸ். தொண்டர்’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ‘முகாமில் அங்கன்வாடிச் சுவர் முழுக்க உயிரெழுத்து வரைந்தவர்’ என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கத் தோன்ற வேண்டும்.

“பெஞ்ச் தூக்குறது, தண்ணி பிடிக்கிறது எல்லாம் சேவைக் கணக்குல வருமா?”

வராது. ஆசிரியர் அறைக்கு டீ வாங்கி வருவதும் வராது. கழிவறை கழுவ வைப்பது சேவை இல்லை என்பது மட்டுமில்லை, தண்டிக்கப்பட வேண்டிய குற்றம். அப்படிச் செய்த இடங்களில் தலைமையாசிரியர்கள் மேல் நடவடிக்கையே பாய்ந்திருக்கிறது. தன் வகுப்பறையைத் தானே கூட்டுவது நல்ல பழக்கம். ஆனால் எப்போதும் பெண் பிள்ளைகளே கூட்டுகிறார்களா, எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகளையே கூப்பிடுகிறார்களா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று. பிள்ளை ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிந்ததா? பள்ளிக்கு வெளியிலோ உள்ளேயோ இன்னொருவருக்கு அது உதவியதா? செய்தவருக்கு ஏதாவது புதிதாகத் தெரிந்ததா? பார்வைக் குறைபாடுள்ள வகுப்புத் தோழனுக்கு ஒரு வருஷம் பாடம் வாசித்துக் காட்டிய பையன் இந்த மூன்றிலும் தேறுவான். பெஞ்ச் தூக்கியவன் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவான்.

“சேவைக்குப் பரிசு கொடுத்தா அப்புறம் அது சேவையா?”

நியாயமான சந்தேகம். ரொக்கம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்றுதான் நானும் நினைக்கிறேன். முதல், இரண்டு, மூன்று என்று இடம் போடுவதும் தப்பு. முதியவரைச் சாலை கடக்க வைத்ததில் யார் முதலிடம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வருஷம் ‘அதிக மணி நேரம் சேவை செய்தவர்’ என்று விருது வைத்தோம். டிசம்பருக்குள் பிள்ளைகள் நோட்டுப் போட்டு மணி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்ததை அரை மணி என்று எழுதியிருந்தான். விருதைத் தூக்கிவிட்டோம். இப்போது செய்த செயலை இரண்டு வரியில் எழுதி மேடையில் வாசிக்கிறோம், உதவி பெற்றவர் வர முடிந்தால் அவர் கையாலேயே சான்றிதழ். ரத்தசோகை முகாமில் உதவிய மாணவிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் வந்து கொடுத்தது நன்றாக இருந்தது.

“எல்லாருக்கும் பரிசு குடுத்தா மதிப்பு குறையாதா?”

குறையும். எண்ணூறு பேருக்குச் சோப்பு டப்பா கொடுத்தால் அது பரிசு இல்லை, விநியோகம். ஆனால் ஒரே பிள்ளை ஏழு தடவை மேடை ஏறி, கடைசியில் பரிசுகளைத் தூக்க அப்பாவைக் கூப்பிடுவதும் அசிங்கம். ஒருவருக்கு ஒரே தடவை மேடை, எல்லாச் சாதனையும் சேர்த்து ஒரே அறிவிப்பு என்று வைத்துக்கொண்டால் நேரமும் மிஞ்சும்.

“பரிசா என்னதான் வாங்குறது?”

எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் கோப்பை மூன்று மாதத்தில் கைப்பிடி உடைந்து அலமாரிக்குப் பின்னால் போய்விடும். பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் அந்தப் பெண் கல்யாணமாகிப் போன பிறகும் வீட்டில் இருக்கும். பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். புத்தகமும் நல்லது, ஆனால் கடைக்காரர் தள்ளிவிடும் பழைய பொது அறிவுப் புத்தகம் வேண்டாம். விருந்தினருக்குப் பொன்னாடை வேண்டாம், அந்தக் காசில் நான்கு டிபன் பாக்ஸ் வரும்.

“சீஃப் கெஸ்டா யாரைக் கூப்பிடறது? எம்.எல்.ஏ. வந்தே ஆகணுமா?”

அழைப்பிதழில் பெயர் இருக்க வேண்டியவர்கள் இருக்கட்டும், அது ஊர் மரியாதை. வந்தால்தான் விழா என்று ஆக்கிவிடாதீர்கள். மூன்று மணி விழாவுக்கு ஐந்தரைக்கு வந்த விருந்தினருக்காகப் பிள்ளைகள் வேஷம் கலையாமல் வெயிலில் நின்றதை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘குறித்த நேரத்தில் தொடங்குவோம், வருபவர் வந்தபோது பேசட்டும்’ என்று தீர்மானம் போட்டோம். பேச்சும் பத்து நிமிஷம்தான். மணியடிக்கும் வேலையை ஒரு எட்டாம் வகுப்பு மாணவியிடம் கொடுத்திருக்கிறோம், அவள் யாருக்கும் பயப்பட மாட்டாள்.

யார் பேசுகிறார், என்ன பேசுவார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளிப் பேச்சாளர் ஒருவர் முற்பிறவிப் பாவத்தையும் உடல் ஊனத்தையும் முடிச்சுப் போட்டுப் பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அங்கேயே எதிர்த்துக் கேட்டார். மாநிலமே பேசிய விவகாரம் அது. எங்களுக்கு எப்போதும் சரியாக அமைவது முன்னாள் மாணவர்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, நான்கைந்து வருஷம் முன்னால் இதே பெஞ்சில் இருந்தவர் வெள்ளைக் கோட்டோடு வர வாய்ப்பு இருக்கிறது. மின்வாரிய லைன்மேனையும் கூப்பிட்டிருக்கிறோம். கேள்வி நேரத்தில் அவரிடம்தான் அதிகக் கைகள் உயர்ந்தன.

“விழாவை எத்தனை மணிக்கு வைக்கிறது?”

பெற்றோர் வேலைக்குப் போகிற ஊர் என்றால் காலை பத்து மணி வேண்டாம். நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. மாலை நாலரைக்குத் தொடங்கி, கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன் முடியுங்கள். பரிசளிப்பை முதலில் வையுங்கள், நடனத்தைக் கடைசியில் வையுங்கள். மாற்றி வைத்தால் பரிசு வாங்கும் நேரத்தில் நாற்காலிகள்தான் கைதட்டும்.

“பசங்க சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா?”

ஆடட்டும். நானும் ஆடினவன்தான். இரட்டை அர்த்தமும் சாதிப் பெருமையும் உள்ள பாட்டு மட்டும் கிடையாது. சாதிப் பெருமை பாட்டாக மட்டும் வராது. பனியனில் ஒரு படம், துண்டின் நிறம், கையில் கட்டிய கயிறு என்று வரும். நாங்குநேரியில் 2023-இல் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கைக்கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒத்திகையின்போதே பாட்டையும் உடையையும் பாருங்கள். மேடையில் போய் நிறுத்தினால் பிள்ளைக்கு அவமானம், ஊரில் தகராறு.

“பரிசு வாங்கின போட்டோவை எல்லா குரூப்லயும் போடலாமா?”

பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். குழுவாக நிற்கும் படம் நல்லது. பெயர், வகுப்பு, ஊர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து எழுதாதீர்கள். காப்பகத்திலிருந்து வரும் பிள்ளைகள், குடும்பத் தகராறில் ஒரு பெற்றோரிடமிருந்து விலகி இருக்கும் பிள்ளைகள் படத்தைப் போடவே வேண்டாம். யார் அப்படி என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

“ரொம்ப கஷ்டப்பட்ட குடும்பம். அதை மேடையில் சொன்னா எல்லாரும் உதவுவாங்களே?”

நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதனால்தான் பதில் சொல்வது கஷ்டம். ‘இவள் அம்மா வீட்டு வேலை செய்கிறார், அப்பா குடிகாரர், ஆனாலும் படித்தாள்’ என்று மைக்கில் சொன்னால் கூட்டம் உச்சுக் கொட்டும். ஒரு மாணவியைப் பற்றி எங்கள் மேடையிலேயே ஏறக்குறைய இப்படிச் சொல்லப்பட்டது. நானும் கைதட்டினேன். அடுத்த நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பில் யாருக்கும் அதுவரை தெரியாத விஷயம் அது.

உதவி தேவையென்றால் மேலே பணம் பற்றிய பதிலில் சொன்ன வழியில் அமைதியாகச் செய்யலாம். கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விண்ணப்பிக்க உதவுவது மேடைப் பேச்சைவிடப் பெரிய உதவி. மேடையில் அந்தப் பிள்ளை செய்ததை மட்டும் சொல்லுங்கள். தன் கதையைத் தானே சொல்ல விரும்பினால் அது அவள் உரிமை.

“என் பிள்ளை பேரை விட்டுட்டீங்க. இப்ப என்ன பண்றது?”

எவ்வளவு பார்த்தாலும் வருஷத்துக்கு ஒன்று நடந்துவிடுகிறது. போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ‘ஏ’ பிரிவில் ஒருத்தி, ‘பி’ பிரிவில் ஒருத்தி. கட்டுரைப் போட்டியில் ஜெயித்தது ‘பி’, மேடை ஏறியது ‘ஏ’. அவளுக்கும் சந்தேகம்தான், ஆனால் பெயரைச் சொன்னதும் ஏறிவிட்டாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே முடிவாக இருந்தோம்.

உரியவளுக்கு இன்னொரு டிபன் பாக்ஸ் வாங்கிப் பெயர் வெட்டினோம். தலைமையாசிரியர் வகுப்புக்கே போய், தப்பு எங்களுடையது, திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் தருகிறோம் என்றார். திங்கட்கிழமை அம்மாவால் வர முடியாது, செவ்வாய்க்கிழமை என்றால் வருவார் என்று சொன்னாள். செவ்வாய்க்கிழமை கொடுத்தோம்.